ஒரு சாண் குழாய்

அது எந்த ஆண்டு என்பது சரியாக நினைவில்லை. மழை முந்திய ஆண்டு என்பாரும் உண்டு, பொய்த்த ஆண்டு என்பாரும் உண்டு. ஆனால் சலவை ஆலையின் நீராவிக் குழாய்களை மூடியபோது, அதுவரை வீணாகிக்கொண்டிருந்த சூடு போக்கிடம் இல்லாமல், மூடியவரின் பின்னாலேயே அவர் வீட்டுக்குப் போய்விட்டது என்பதில் எல்லோருக்கும் ஒரே பேச்சுதான்.

மருத்துவமனை விரிப்புகளை வெளுக்கும் அந்த ஆலையில் முப்பது ஆண்டுகளாகக் குழாய்கள் வெற்று மேனியாகக் கிடந்தன. எரித்த எண்ணெயில் மூன்றில் ஒரு பங்கு சுவரையும் காக்கையையும் சூடாக்கிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தத்தான் அவரை வேலைக்கு வைத்தார்கள். குழாயைத் துடைத்து, கண்ணாடிப் பஞ்சைச் சுற்றி, கம்பியால் கட்டி, மேலே தகரம் போர்த்தி, எங்காவது கசிகிறதா என்று புறங்கையால் தடவிப் பார்ப்பார். அவருக்குப் போர்வைக்காரர் என்று பெயர் வைத்தவர் கொதிகலன்காரர். "வீட்டுக்காரிக்கு ஒரு போர்வை வாங்கிக் குடுத்திருப்பாரான்னு தெரியல, குழாய்க்குச் சட்டை தைக்கிறாரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், போர்வைக்காரரைத் தவிர. அவர் மனைவி உச்சி வெயிலிலும் மூன்று போர்வைக்குள் இருந்தாள். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் பிறந்த பெண் குழந்தை, அவள் மடியிலேயே ஒரு மணி நேரத்தில் சில்லிட்டுப்போனது. அந்தக் குளிர் குழந்தையோடு போகாமல் தாயின் கைகளில் தங்கிவிட்டது. அவள் தொட்டால் தம்ளர் வியர்க்கும். வைத்தியர்கள் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டார்கள்.

முதல் குழாயை மூடிய மாலை, பேருந்தில் போர்வைக்காரரின் பக்கத்தில் இருந்தவர்கள் ஜன்னலைத் திறந்தார்கள். வாசலில் அவர் செருப்பைக் கழற்றும்போதே சூடு அவரை முந்திக்கொண்டு உள்ளே போய், மனைவியின் காலடியில் கன்றுக்குட்டி போலப் படுத்துக்கொண்டது. மறுநாள் இன்னும் கொஞ்சம் வந்தது. ஒரு மாதத்தில் சுவரின் ஓதம் காய்ந்தது. பக்கத்து வீட்டுக்காரி கேட்டுக்கொண்டு தன் ஈரத் துணிகளை அந்தச் சுவரோரம் உலர்த்தினாள். மனைவி ஒரு போர்வையைக் களைந்தாள். பிறகு இன்னொன்றை.

கடைசி ஒரு சாண் மிச்சமிருந்தபோது போர்வைக்காரருக்குக் கை வரவில்லை. சூடு அந்த இடைவெளி வழியாகத்தான் வந்து தன்னைச் சேர்கிறது, அதையும் மூடினால் நின்றுவிடும் என்று பயந்தார். உலர்த்தும் அறைக்குப் பின்னால், யாரும் குனிந்து பார்க்காத வளைவு அது. பஞ்சு வைக்காமல் வெறும் தகரத்தை மாட்டிவைத்தார். எரிபொருள் தணிக்கைக்கு வந்த பெண், சூட்டைப் படம் பிடிக்கும் கருவியை நீட்டினாள். எல்லாம் நீலமாக இருக்க, அந்த ஒரு சாண் மட்டும் தணலாகச் சிவந்தது.

"அண்ணே, இதுக்குள்ள பஞ்சே இல்லையே."

மறுநாளுக்குள் மூடாவிட்டால் ஆலைக்குச் சான்று கிடையாது. சான்று இல்லாத ஆலைக்கு மருத்துவமனைகள் துணி அனுப்பா. வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார்.

"மூடிடுங்க" என்றாள்.

"திரும்பக் குளிருமே உனக்கு."

"குளிரட்டும். ஒரு சாண்தானே? என்கிட்ட அளவா ஒண்ணு இருக்கு."

மறுநாள் அவளும் ஆலைக்கு வந்தாள். பெட்டியில் ஒன்பது ஆண்டுகள் மடிப்புக் கலையாமல் கிடந்த குழந்தைக் கம்பளி அவள் பையில் இருந்தது. கருகிவிடுமே என்று தணிக்கைக்காரி தயங்கினாள், கருகவில்லை. குழந்தையைச் சுற்றுவதுபோலவே குழாயைச் சுற்றினாள். தலைப்பக்கம் மடித்து, கால்பக்கம் செருகி, புறங்கையால் ஒருமுறை தடவிப் பார்த்தாள். அதன் மேல் போர்வைக்காரர் பஞ்சையும் தகரத்தையும் பூட்டினார்.

தணிக்கைக்காரி கருவியை நீட்டினாள். நீலம். பிறகு என்ன தோன்றியதோ, அதை அந்தத் தாயின் கைகள் பக்கம் திருப்பினாள்.

"அக்கா, உங்க கையைப் பாருங்க" என்றாள்.

இரண்டு கைகளும் சிவந்திருந்தன.

ஆலைக்குச் சான்று கிடைத்தது. தணிக்கைக்காரி வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனாள். கொதிகலன்காரர் ஓய்வு பெறும்வரை குழாய்களைக் கேலி பேசவில்லை. போர்வைக்காரர் எழுபத்தோராம் வயதில் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். மனைவி பிடித்திருந்த அவர் கை சூடு ஆறாததால் வைத்தியர் ஒரு நாள் காத்திருந்துதான் இறப்புச் சான்று எழுதினார். அவள் இன்னும் அதே வீட்டில் இருக்கிறாள். சூடு அவள் காலடியில் படுத்திருக்கிறது. மழை நாட்களில் தெருவே அங்கேதான் துணி உலர்த்துகிறது.