மலையிறங்கிய நிழல்கள்

குற்றாலத்துக்கு மேலே வனத்துறையின் கரடிச்சோலை மலையேற்ற முகாமில் புயலடித்த அன்று ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு மரங்கள் விழுந்தன. அவற்றின் நிழல்களில் ஒன்றுகூட விழவில்லை. மூன்றாம் நாள் வெயில் எட்டிப் பார்த்தபோதுதான் இது தெரியவந்தது. மருதும் நாவலும் செண்பகமும் வேரோடு பெயர்ந்து பள்ளத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்க, அவை நின்றிருந்த இடங்களில் நிழல் மட்டும் பழையபடி தரையில் பரந்து, இலையிலையாக அசைந்துகொண்டிருந்தது. காலையில் மேற்கே நீண்டது, உச்சியில் சுருங்கியது, சாயங்காலம் கிழக்கே சாய்ந்தது. அண்ணாந்து பார்த்தால் வெறும் வானம். குரங்குகள்தாம் முதலில் ஏமாந்தன. நிழலில் தெரிந்த கிளையை நம்பித் தாவி, தொப்பென்று மண்ணில் விழுந்து, ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

முதலில் பார்த்த மனுஷி அனுசியா. இலஞ்சிக்காரி, முப்பத்தொன்பது வயது, பதினோரு வருஷமாக அந்த முகாமில் தினக்கூலி வாட்சர். புயலன்று மலைப்பாதையில் தனியாக மாட்டிக்கொண்டு, ஒரு பெரிய வேங்கை மரத்தைக் கட்டிப்பிடித்தபடி நாலு மணி நேரம் நின்றவள். இனித் தாங்காது என்று ஆனபோது அந்த மரம் அவள் இருந்த பக்கம் சாயாமல், காற்றுக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்தது. இதை அவள் யாரிடமும் விவரமாகச் சொன்னதில்லை. இப்போது வேங்கையின் நிழல் மட்டும் அங்கே விரிந்து கிடப்பதைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் நின்றாள். உள்ளங்கால் கிணற்றுப்படி மாதிரிக் குளிர்ந்தது. ராணுவத்தில் இருக்கும் கணவன் சுபாஷுக்குப் போன் போட்டுச் சொன்னாள். அவன், "சரிட்டி, அப்பம் வெயில் படாம நின்னு வேல பாரு" என்றான்.

விழுந்த மரங்களை அறுத்து ஒதுக்கி, பெயர்ந்த கல்படிகளைத் திரும்ப அடுக்கி, ஓடைக்கு மேல் புதுக் கயிறு கட்டிப் பாதையைத் திறக்கப் பங்குனி ஆகிவிட்டது. அதற்குள் சங்கதி கீழே பரவியிருந்தது. முதுகில் மூட்டையும் கையில் கம்புமாக ஏறி வந்தவர்கள், கடைசி வளைவில் அந்த மொட்டைச் சரிவைப் பார்த்ததும் கம்பை ஊன்றி நின்றார்கள். மரமே இல்லாத ஒரு காடு தரையில் அசைந்துகொண்டிருந்தது. சத்தமாகச் சிரித்துக்கொண்டு வந்த காலேஜ் பிள்ளைகள்கூட ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு விளிம்பில் நடந்தார்கள். கூடாரங்களை நிழலுக்குள்ளேதான் அடித்தார்கள். நடுப்பகலிலும் உள்ளே போர்வை வேண்டியிருந்தது. செண்பகத்தின் நிழலில் படுத்தவர்களின் துணியில் ஊருக்குப் போன பிறகும் ஒரு வாரம் வாசனை இருந்தது.

இப்படியே இருந்திருந்தால் குறையில்லை. ஆனால் மண்ணைப் பிடித்துவைக்கச் சரிவில் நட்ட வெட்டிவேரும் மரக்கன்றுகளும் வெயில் படாமல் வெளிறி, ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டன. ஆனியில் சாரல் தொடங்கியதும் மண் கரைந்து ஓடை சிவந்தது. வேங்கை நிழலுக்கு அடியில் கைநுழையும் அகலத்துக்கு ஒரு வெடிப்பு விட்டது. அதற்கு நேர்கீழே அறுபது வீடுகள். வனத்துறை அதிகாரி வந்து வெடிப்புக்குள் கம்பை விட்டுப் பார்த்துவிட்டு, "நிழலுக்கு வேர் கெடையாதும்மா. ஐப்பசி மழைக்கு இந்த மண்ணு நிக்காது. கேம்பையும் மூடிர வேண்டியதுதான்" என்றார். அனுசியாவுக்கு வேலை போவதைக் காட்டிலும் அந்த அறுபது வீடுகளில் பாதிப்பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியும் என்பது பெரிய கஷ்டமாக இருந்தது. நிழலை வெட்டிப் பார்த்தார்கள், மண்ணோடு அள்ளிப் பார்த்தார்கள். வெட்டின இடம் தண்ணீர் மாதிரிக் கூடிக்கொண்டது.

ஆவணியில் தென்காசியிலிருந்து பரீது தன் மகள் ஆஷிகாவோடு முகாமுக்கு வந்தார். சவூதியில் இருபத்தாறு வருஷம் ரோட்டுக்குத் தார் போட்டுவிட்டுத் திரும்பியவர். கூடாரத்துக்குள் போகாமல் ஒரு நாவல் நிழலில் மல்லாந்து படுத்தார். கண்ணோரம் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது.

"வாப்பா, என்ன செய்யுது?" என்று பதறினாள் ஆஷிகா.

"ஒண்ணும் செய்யல புள்ள. அங்கன ஒரு சாண் நிழலுக்காக லாரிக்கு அடியில படுத்துக் கெடந்தேன். இங்கன மரமில்லாமலே இம்புட்டுக் கெடக்கு, பாரு."

மறுநாள் கிளம்பும்போது, உட்கார இடம் கொடுத்தவரிடம் யாரும் சொல்வதுபோல, நிழலைப் பார்த்து, "வாரேன் என்னா. ஒருநாளு நம்ம வீட்டுப் பக்கம் வாயேன்" என்றார். சொல்லிவிட்டு நடந்தார். அனுசியாதான் பார்த்தாள்.

"பாய், பொறத்தால பாருங்க. ஒங்க பின்னாலயே வருது!"

பரீது திரும்பிப் பார்த்தார். நாவல் நிழல் பாறைமேல் ஏறி இறங்கி, அவர் காலடியில் வந்து நின்றது. பயப்படவில்லை, நடையைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டார். "வரட்டும்மா. கூப்பிட்டது நான்தான."

அது தென்காசி வரைக்கும் போய் அவர் தெருவில், ஆட்டோக்கள் நிற்கும் இடத்தில் அமர்ந்தது. நாவல் நிழல் விலகிய இடத்தில் முதல்தடவையாக வெயில் விழுந்தது. படுத்திருந்த வெட்டிவேர் பத்து நாளில் முழங்கால் உயரம் வந்தது. அதன் பிறகு மலையேறி வந்த ஒவ்வொருவரும் இறங்கும்போது ஒரு நிழலை அழைத்துப் போனார்கள். வீரகேரளம்புதூர் பஸ் ஸ்டாப்புக்கு ஒரு மருது போனது. ரோடு அகலப்படுத்தியதில் மரமிழந்த ஊர்களுக்கு நூறு நூறாகப் போயின. மரியாதையாகக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். அதட்டிக் கூப்பிட்ட ஒருவர் வெறுங்கையோடு இறங்கினார். புரட்டாசி முதல் வாரத்தில் சரிவு முழுக்கப் பச்சையாகிவிட்டது, வேங்கை நின்ற இடத்தைத் தவிர. அதன் நிழலை மட்டும் அனுசியா யாருக்கும் கொடுக்கவில்லை.

வெடிப்பு இப்போது கால் நுழையும் அளவு. அதிகாரி தினமும் வந்து பார்த்துவிட்டுப் போனார். ஐந்து நாள் அவள் அந்த நிழலிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். ஆறாம் நாள் காலை, கீழே அறுபது வீடுகளிலும் அடுப்புப் புகை எழுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், உள்ளங்கையைத் தரையில் வைத்து, "அன்னிக்கி எனக்காவ விழுந்த. இன்னிக்கி அவங்களுக்காவ எந்திரி. வா, நானும் கூட வாரேன்" என்றாள். நிழல் அவள் பாதத்தைத் தொட்டுக்கொண்டு எழுந்தது.

புளியங்குடிக்கு நடந்து போக இரண்டு நாள் ஆயிற்று. அங்கே எலுமிச்சைச் சந்தையில் இருந்த ஒரே மரமும் போய்விட, பெண்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வெயிலில் பழம் பிரிப்பதை அவள் பார்த்திருக்கிறாள். குற்றாலம் ரோட்டில் நிழல் எதிர்ப்பக்கத்துக் கடை வரைக்கும் பரந்ததால், பஸ்கள் ஓரங்கட்டி வழிவிட்டன. டிரைவர்கள் ஹாரன் அடிக்கவில்லை. பொழுது சாய்ந்ததும் அது வெளிச்சத்தோடு மறைந்துவிட, கடையநல்லூரில் சித்தி வீட்டில் தங்கினாள். காலையில் கதவைத் திறந்தால் வாசலிலிருந்து மேற்கே நீண்டு காத்திருந்தது. வேங்கை நின்ற இடத்திலும் வெட்டிவேர் பிடித்தது என்பதும், பின்னால் அந்த ஐப்பசியில் ஒன்பது நாள் விடாமல் மழை பெய்தது என்பதும், கரடிச்சோலைச் சரிவில் ஒரு கூடை மண்கூட நகரவில்லை என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

சந்தைக்குள் அவள் நுழைந்தபோது உச்சிப் பொழுது. நிழல் அவளைவிட்டு மெல்லப் பிரிந்து, சாக்குகளுக்கு நடுவில் வட்டமாகப் படர்ந்து, ஒருதரம் சிலிர்த்து அமர்ந்தது. பழம் பிரித்துக்கொண்டிருந்த வடிவம்மாள் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், அனுசியாவைப் பார்த்தாள்.

"ஏட்டி, இதுல கட்டெறும்பு உண்டுமா?"

"இல்ல ஆச்சி. மரமே இல்லயே."

"அப்பம் சரி" என்று சொல்லி, வடிவம்மாள் தன் சாக்கை நிழலுக்குள் இழுத்துப்போட்டு, துண்டைத் தலையிலிருந்து எடுத்து உதறினாள்.