சட்டைப்பைக்குள் இருந்த பியூஸ்

மின்சார சபையைத் துண்டு துண்டாக்கிக் கம்பனிகளாக்குவது கொழும்பில் இருப்பவர்களுக்குப் பலாப்பழம் வெட்டுகிற மாதிரி. பிசின் ஒட்டியது என்னவோ யோசேப்பின் கையில்தான்.

மன்னாரில் இருபத்திரண்டு வருடமாகக் கம்பம் ஏறும் மின்சார ஊழியர் அவர். எந்தக் கம்பனி, எந்த ஊர் என்று படிவத்தில் எழுதி, வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள் கந்தோரில் நேரில் கையொப்பம் வைக்க வேண்டும். வைக்காதவர்களை எங்கே வேண்டுமானாலும் தூக்கிப் போடுவார்களாம். யோசேப்புக்கு மன்னாரை விட்டால் வேறு கதி இல்லை. மனைவி திரேசம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. செவ்வாயும் சனியும் இரத்தம் சுத்திகரிக்க மோட்டார் சைக்கிளில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது அவர்தான். பிள்ளைகளும் இல்லை.

கழுதைக்குத் தெரியுமா இந்தக் கெடு? அந்த வெள்ளிக்கிழமை பார்த்து ஒன்று தாழ்வுபாடு கிராமத்தில் கம்பத்தைத் தாங்கும் இழுகம்பியில் முதுகைச் சொறிந்து சொறிந்து ஆட்டியதில், மேலே கம்பிகள் உரசி அறுந்து விழுந்தன. யோசேப்பும் கூட்டாளி லோறன்ஸும் போனார்கள். கரண்டை நிறுத்த யோசேப் பியூஸைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு ஏறினார். அதுதான் அவர்கள் வழக்கம்: கழற்றியவன் பையில் இருக்கும், கழற்றியவன்தான் திரும்பப் போடுவான்.

வேலை முடிந்து இறங்க மூன்றேகால்.

"அண்ணை, ஓடுவம். வரிசை நிக்கும்," என்றான் லோறன்ஸ். ஏணியை வண்டியில் ஏற்றினார்கள், ஓடினார்கள்.

கந்தோரில் வரிசை நின்றது. யோசேப்புக்கு முன்னால் இன்னும் ஐந்தே பேர் இருக்கும்போது போன் அடித்தது. சபைக்கு நம்பர் இருந்தென்ன, ஊருக்கு யோசேப்பின் நம்பர்தான் பாடம். தாழ்வுபாட்டில் மீன் வாங்கி விற்கும் சிசிலியா பேசினாள்.

"யோசேப்பண்ணை, கரண்ட் எப்பதான் வரும்? மீன் நாறப்போகுது!"

"அது அப்பவே வந்திட்டுதே, தங்கச்சி," என்றபடி பேனாவுக்காகப் பைக்குள் கை விட்டார். பியூஸ் கையில் தட்டுப்பட்டது.

ஐயோ, மாதாவே!

"தாங்கோ அண்ணை," என்று முதல்நாளே கையொப்பம் வைத்துவிட்ட லோறன்ஸ் கை நீட்டினான். "நான் போய்ப் போட்டிட்டு வாறன். நீங்கள் கையொப்பம் வைச்சிட்டு வாங்கோ."

யோசேப் கொடுக்கவில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள், பசி தாங்காமல், பியூஸை இன்னொருவன் கையில் கொடுத்துவிட்டுச் சோறு தின்னப் போனவர் அவர். கம்பத்தில் மறந்துவிட்ட கம்பி வெட்டும் குறட்டை எடுக்க, கூட வேலை செய்த சுகந்தன் மறுபடி ஏறியது வாங்கியவனுக்குத் தெரியாது. பியூஸைப் போட்டான். சுகந்தன் உயிரோடு இறங்கவில்லை. அன்று தின்ற சோறு யோசேப்புக்கு இன்னும் செரிக்கவில்லை.

"கரண்ட் இல்லையெண்டு சனம் எத்தினை பேருக்கு அடிச்சிருக்கும். எங்கட ஆக்கள் ஆரும் ஏறியிருந்தா? நான்தான் பாத்துப் போடவேணும்."

படிவம் வாங்கும் பிரேமிளா நல்ல பிள்ளை. "நாலு மணிக்குப் பிறகு எனக்கு வாங்க ஏலாது அண்ணை. கொம்பியூட்டர் மூடிப்போடும்," என்று சொல்லும்போதே அவளுக்கு முகம் வாடிவிட்டது.

"தெரியும் பிள்ளை."

தாழ்வுபாட்டில் ஒவ்வொரு கம்பமாக அண்ணாந்து பார்த்தார். ஒருவரும் இல்லை. ஒரு காக்கைகூட இல்லை. பியூஸைப் போட்டார். மணி நாலு பத்து. லோறன்ஸையே அனுப்பியிருக்கலாம். அந்த நினைப்பு வந்ததும் மணலில் குந்திவிட்டார்.

வீட்டில் திரேசம்மா கட்டிலில் சாய்ந்திருந்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"கம்பத்தில ஆரும் நிண்டவையோ?"

"இல்லை."

"நல்லது," என்றாள்.  பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"உங்களைத் தூரத்தில போட்டா, செவ்வாய்க்கிழமையில என்னை ஆரப்பா கூட்டிக்கொண்டு போறது?"