ஒன்றும் சொல்லாத மெசின்

1.

இது கதையாகத் தொடங்கவில்லை. லினக்ஸ் கம்ப்யூட்டரில் டெர்மினல் என்கிற கட்டளைத் திரை வழியாக புரோகிராம் எழுதும் மென்பொருளை நிறுவுவது எப்படி என்று, புதிதாகக் கற்பவர்களுக்கு ஒரு கட்டுரை எழுதித் தரச் சொன்னார்கள். ஒத்துக்கொண்டேன். "கட்டளையைத் தட்டுங்கள். என்டர் அழுத்துங்கள். திரையில் ஒன்றும் வராவிட்டால் பயப்படாதீர்கள், வேலை முடிந்தது என்று பொருள்" என்பதுவரை எழுதினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. ஒன்றும் சொல்லாவிட்டால் சரி என்று பொருளாம். இதை எங்கள் தர்மபுரிப் பக்கம் யாராவது நம்புவார்களா?

கட்டுரையைத் தூக்கிப் போட்டுவிட்டு இதை எடுத்தேன். வருடம் 1988. (லினக்ஸ் அப்போது பிறக்கவில்லை. அதற்கு முன்னோடியான யூனிக்ஸ் இருந்தது. கட்டளை தட்டுகிற கறுப்புத் திரை இரண்டுக்கும் பொது. வருடத்தில் பிழை பிடிக்க எழுந்தவர்கள் உட்காரலாம்.)

2.

முதல் தொடக்கம்: "மொரப்பூர் ரயில் நிலையத்தில் ஒரு மரப்பெட்டி இறங்கியபோது" வேண்டாம். பெட்டி இறங்கினால் ஊரே வேடிக்கை பார்க்க வர வேண்டும். அத்தனை பேரை நிற்க வைக்க எனக்குப் பொறுமை இல்லை.

இரண்டாவது: "ரோசம்மா திரையைப் பார்த்தாள். திரை ரோசம்மாவை" சே.

நேராகவே சொல்கிறேன். தர்மபுரியில் டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருந்த மாதேஸ்வரன், கடை மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் திறக்கலாம் என்று பெங்களூரிலிருந்து ஒரு மெசினை வரவழைத்தார். பாடம் நடத்த ரோசம்மாவை வைத்தார். கம்பைநல்லூர்ப் பக்கம் கடலை போடுகிற சவுரியப்பனின் மகள். சேலத்தில் கம்ப்யூட்டர் படித்தவள். அங்கே மெசினில் எல்லாம் ஏற்கெனவே போட்டு வைத்திருந்தார்கள். இவள் உட்கார்ந்து சி மொழியில் புரோகிராம் எழுதினாள். புது மெசினில் அந்த சி-யை ஏற்றுவது எப்படி என்று யாரும் அவளுக்குக் காட்டவில்லை.

திங்கட்கிழமை வகுப்பு தொடங்க வேண்டும். அதற்குள் சி ஏறாவிட்டால் மெசின் திரும்பிப் போகும், மாடிக்கு டைப்ரைட்டிங் வகுப்பு வரும், ரோசம்மா கடலைக் காட்டுக்குப் போவாள்.

"களை வெட்ட எனக்கு வெக்கமில்லைங்க சார். ஆனா இந்த வேலை போச்சுன்னா இந்த ஊர்ல இதே மாதிரி இன்னொண்ணு கெடையாது" என்று மாதேஸ்வரனிடம் சொல்லியிருந்தாள்.

(பெயரில் எனக்குச் சந்தேகம் வந்தது. ரோசம்மா என்பது அவளுடைய அத்தைமார் வயதுக்காரர்களின் பெயர். ஸ்டெல்லா என்று மாற்றிப் பார்த்தேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவே இல்லை. பழைய பெயரே இருக்கட்டும்.)

3.

சி இருந்த பிளாப்பித் தட்டுகளில் முதலாவதைச் செருகிக் கட்டளையைத் தட்டினாள். மெசின் கரகரவென்று ஓடி நின்றது. ஒவ்வொரு பிளாப்பிக்கும் அப்படியே. எல்லாம் தீர்ந்த பிறகு திரையில் மிஞ்சியது, அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும் இந்தக் குறி மட்டும்:

#

"என்னம்மா சொல்லுது?" என்றார் மாதேஸ்வரன்.

"ஒண்ணுமே சொல்லலைங்க சார்."

"ஒண்ணுமேவா?"

இருவருக்கும் புரிந்துவிட்டது. எங்கள் பக்கம் பெண் பார்க்க வருகிறவர்கள், "வூட்ல கலந்துக்கிட்டு சொல்லி அனுப்பறோங்க" என்று எழுந்து போவார்கள். அதற்கப்புறம் பேச்சே இருக்காது. வேண்டாம் என்பதை முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை, சும்மா இருந்துவிடுவார்கள். போன தை மாதம் மொரப்பூரிலிருந்து வந்து காபி குடித்துப் போனவர்களும் அப்படித்தான் சும்மா இருந்தார்கள். ரோசம்மாவுக்கு அது ஆறவில்லை.

ஆகவே ஏற்றியதையெல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து ஏற்றினாள். மறுபடியும் #. மறுபடியும் அழித்தாள்.

[இந்த இடத்தில் அவள் அழுவதாக ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். அவளுக்கு வந்தது அழுகை இல்லை, எரிச்சல்.]

"நம்மள வேணாங்குது போல. மெசினுகூட மூஞ்சிக்கு நேரா சொல்ல மாட்டேங்குது பாரு" என்று சொல்லி, மாதேஸ்வரன் பெங்களூருக்கு டிரங்க் கால் போட்டார். மெசினைத் திரும்ப எடுத்துப்போக சனிக்கிழமை வேன் அனுப்புவதாகச் சொன்னார்கள்.

4.

எனக்கு விடை தெரியும், உங்களுக்கும் தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாது. இது கொஞ்சம் அசிங்கமாகத்தான் இருக்கிறது. சேலத்திலிருந்து ஓர் இன்ஜினியரை ரயிலேற்றி அனுப்பியிருக்கலாம். வந்தால் கதை அவருடையதாகிவிடும். (கையேடு இல்லையா என்பீர்கள். பெங்களூர்க்காரர்கள் வேறொரு மெசினின் கையேட்டை வைத்து அனுப்பிவிட்டார்கள். எழுதுகிறவனுக்கு இந்த வசதிகூட வேண்டாமா?)

5.

சனிக்கிழமை. வேன் கடை வாசலில் வந்து நின்றது. மாதேஸ்வரன் கீழே இறங்கிப் போனார். ரோசம்மா வீம்புக்குக் கடைசியாக ஒரு தரம் ஏற்றினாள். திரையில் அதே #.

"வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று மெசினையே கேட்டாள்.

இந்த முறை அழிக்கவில்லை, அலுத்துவிட்டது. போகிற மெசின்தானே என்று, சேலத்தில் முதல் நாள் எழுதிய சின்ன புரோகிராமை ஞாபகத்திலிருந்து தட்டினாள். தன் பெயரைத் திரையில் காட்டுகிற புரோகிராம். தட்டி, சி-யிடம் கொடுத்தாள்.

மெசின் பேசியது. நாலாவது வரியில் பிழை என்றது. பார்த்தால், அரைப்புள்ளி ஒன்றை விட்டிருந்தாள்.

படிக்கட்டுக்கு ஓடினாள். "சார், மேல வாங்க. மெசினு திட்டுது."

மாதேஸ்வரன் மூச்சு வாங்க வந்தார். "திட்டுனா கெட்டதுதானேம்மா?"

"இல்லைங்க சார். சி உள்ள இருந்தாத்தான தப்புன்னு சொல்லும்? மொத தடவையே ஏறிடுச்சு சார். நான்தான் அழிச்சு அழிச்சுப் போட்டிருக்கேன்."

திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்ட ஒருத்தியை நான் இதுவரை எழுதியதில்லை. அரைப்புள்ளியைப் போட்டு மறுபடி கொடுத்தாள். மெசின் ஒன்றும் சொல்லவில்லை.

"இப்ப மறுபடியும் சும்மா இருக்குதே" என்றார்.

"அது சரிங்குது சார்."

புரோகிராமை ஓட்டினாள். ஆங்கில எழுத்தில் அவள் பெயர் திரையில் வந்தது.

6.

முடிவுகளைப் பரப்பி வைத்திருக்கிறேன். ஒன்றில் வேன் காலியாகப் போகிறது. இன்னொன்றில், சொன்ன சொல்லை மாற்ற மாதேஸ்வரனுக்குக் கூச்சம், மெசின் போய்விடுகிறது. மூன்றாவதில் மொரப்பூர்க்காரர்களைத் திருவிழாவில் அவள் எதிரே நிறுத்தி, "நீங்கதாங்க ஒண்ணும் சொல்லல, நாங்க காத்துட்டிருந்தோம்" என்று சொல்ல வைத்தேன். ரொம்பவும் தோதாக இருந்ததால் அடித்துவிட்டேன். அடிப்பதற்குள் ரோசம்மா அதைப் படித்துவிட்டாள் என்று நினைக்கிறேன்.

ஆகவே உறுதியாகத் தெரிந்ததை மட்டும் தருகிறேன். மாதேஸ்வரன் திரையில் இருக்கும் பெயரைப் பார்த்தபடி நிற்கிறார். ரோசம்மா அவர் முகத்தைப் பார்த்தபடி இருக்கிறாள். கீழேயிருந்து வேன்காரன் கேட்கிறான்:

"மெசின ஏத்திக்கலாங்களா சார்?"

மாதேஸ்வரன் ஒன்றும் சொல்லவில்லை.

வேன்காரன் எங்கள் பக்கத்து ஆளாக இருந்தால், வேண்டாம் போல என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான். மெசின்களோடே பழகிய ஆளாக இருந்தால், சரி என்று எடுத்துக்கொண்டு மாடியேறி வருவான். அவன் எப்படிப்பட்ட ஆள் என்று நான் இன்னும் எழுதவில்லை. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவள் வேலை அதில்தான் இருக்கிறது, பார்த்து எழுதுங்கள்.

எழுதியது சரிதானா என்று என்னைக் கேட்பீர்கள். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

#