மழை ஒழுக வேண்டிய கூரை

நாற்பது வருடம் வனாந்தரத்தில் அலைந்த ஒரு சனத்தின் நினைவாக, ஆயிரமாயிரம் ஆண்டுகளாய் உலகெங்கும் கட்டப்பட்டுவரும் புனிதக் கூடாரம், இத்தீவின் வரலாற்றிலேயே முதல் தடவையாக வெள்ளவத்தையில் எழுந்தருளியது.

இந்த வசனம் தில்லைநாதன் தன் வரவேற்புரைக்கென எழுதி வைத்திருந்தது. வரலாற்றை ஒருவரும் சரிபார்க்கவில்லை. எழுந்தருளிய இடம் ஆறுமாடிக் கட்டிடமொன்றின் மொட்டைமாடி. ஒரு பக்கம் தண்ணீர்த் தாங்கி, மறுபக்கம் நாலாம் மாடிக்காரரின் சாரங்கள் காய்கிற கொடி. கூடாரம் கடல்பக்கமாகக் கொஞ்சம் சரிந்திருந்தது.

அதைக் கட்டுவித்தவள் அவருடைய ஒரே மகள் மயூரி. பத்து வருடத்துக்கு முன் வேர்ஜீனியாவுக்கு மருந்தாளராகப் போனவள், அங்கே டானியல் என்ற யூதரை விரும்பி, ஒன்றரை வருடம் படித்து, மூன்று பெரியவர்கள் முன்னால் கேள்விகளுக்குப் பதில் சொல்லி, தானும் யூதப் பெண்ணானாள். பிறகு கலியாணம். படிப்பு, சோதனை, சான்றிதழ் என்று எல்லாம் முறையாக நடந்தபடியால் தில்லைநாதனுக்கு அதை எதிர்க்க வழி இருக்கவில்லை. சான்றிதழை வாங்கிப் பார்த்து, "சோதனையில சித்தி எண்டு மட்டும்தான் போட்டிருக்கு. விசேட சித்தி குடுக்கிறேல்லையோ?" என்று கேட்டார்.

மருமகனுக்கு வேலை கடற்படையில். வெறுமனே 'நேவி' என்றால் இலங்கைக் கடற்படையென்று நினைத்து வெள்ளவத்தைத் தமிழ் முகங்கள் ஒருமாதிரிப் போகும் என்பதால், 'அமெரிக்கன்' என்பதை முதலில் உரத்துச் சொல்லி, 'நேவி'யைப் பிறகு மெல்ல விடுவதற்குத் தில்லைநாதன் பழகியிருந்தார். கப்பலில் என்ன வேலை என்று கேட்டால், "பெரிய பொறுப்பு. வெளியில கதைக்கேலாது" என்பார்.

கப்பல்காரரைக் கட்டினவளின் சீவியம் என்னவென்று மயூரியைக் கேட்டால், பெட்டி கட்டுவது என்பாள். ஏழு வருடத்தில் நாலு வீடு. 'சமையலறை' என்று எழுதிய ஒரு பெட்டி இரண்டாவது வீட்டிலிருந்து இன்னும் திறக்கப்படாமல் கூடவே வருகிறது. கணவன் எங்கே என்று மாமி கேட்டால் தெரியாது; எப்போது வருவான் என்றால் சொல்லக்கூடாது. குழாய் உடைவது, கார் நிற்பது, காய்ச்சல் வருவது எல்லாம் அவன் கடலில் இருக்கும்போதுதான்.

யூதர்களின் பெரிய நாட்கள் புரட்டாசி, ஐப்பசியில் ஒன்றன்பின் ஒன்றாக வரும். முதலில் வருடப்பிறப்பு, பத்தாம் நாள் உபவாசம், அது முடிந்து ஐந்தாம் நாள் கூடாரப் பண்டிகை. கப்பல்களும் சரியாக அந்த மாதத்தில்தான் புறப்படும். கலியாணம் கட்டிய ஏழு வருடத்தில் டானியல் அந்த நாட்களில் கரையில் நின்றது ஒரே தடவை. அந்தத் தடவை அவனுக்கு அம்மாள் வருத்தம், உடம்பெல்லாம் கொப்புளம். மற்றெல்லா வருடமும் மயூரி ஏதோவொரு பல்கனியில் நாலு தடியை நட்டு, இலை போட்டு, அதற்குள் தனியாக இருந்து ஒரு கோப்பை சூப் குடித்துவிட்டு, ஏழு நாள் கழித்துப் பிரித்தெடுத்தாள்.

இந்த வருடம் டானியலின் கப்பல் கொழும்பில் தரிக்கப்போவதாகச் சேதி வந்தது. கூடாரப் பண்டிகையின் முதல் மாலை, நல்ல காலமாக வப் போயா, பௌர்ணமி விடுமுறை தினம். அன்று மாலை அவனுக்குக் கரையில் மூன்று மணித்தியாலம் தருவார்கள். அதற்காகவே மயூரி லீவு எடுத்துக்கொண்டு மூன்று விமானம் மாறி வந்தாள். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். அந்த மூன்று மணித்தியாலத்தில், கூடாரத்துக்குள், அவனோடு ஒருவேளைச் சாப்பாடு. இரண்டு கதிரை போதும்.

கப்பல் வரும் நாளை ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்பது கடற்படை மனைவிமார் படிக்கிற முதல் பாடம். மயூரி தகப்பனிடம் மட்டும், அதுவும் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள். குளித்துவிட்டு வருவதற்குள் கட்டிடத்தின் வாட்சப் குழுவில் அது வந்துவிட்டது: 'இரகசியம். திங்கள் மாலை ஆறு மணிக்கு எமது மருமகனார் கடற்படை அதிகாரி அவர்கள் வருகை தருகிறார். சிற்றுண்டி உண்டு. - தலைவர், குடியிருப்பாளர் சங்கம்.'

"அப்பா, என்ன செய்து வைச்சிருக்கிறியள்?"

"இரகசியம் எண்டு போட்டிருக்கிறன்தானே."

தாய் பத்மாவதிக்கு வேறு பிரச்சினை இருந்தது. மகள் மதம் மாறியதைச் சொந்தக்காரருக்கு ஏழு வருடமாகச் சொல்லவில்லை. இந்த வருடம் நாட்காட்டி அவவுக்குப் பெரிய உதவி செய்தது. மயூரியின் வருடப்பிறப்பும் நவராத்திரியும் ஒன்றாக ஆரம்பித்தன. உபவாச நாள் விஜயதசமியில் விழுந்தது. மயூரி இருபத்தைந்து மணித்தியாலம் தண்ணீரும் குடிக்காமல் செபப் புத்தகத்தோடு வெள்ளவத்தை வீட்டு அறைக்குள் கிடந்தபோது, பத்மாவதி தொலைபேசியில், "பிள்ளை பச்சைத் தண்ணியும் பல்லில படாமல் விரதம். இங்க இருக்கிறதுகள் உளுந்துவடையோட விரதம் இருக்குதுகள்" என்று சொல்லிக்கொண்டிருந்தா. மறுமுனையில் பொறாமை கேட்டது. சைவமும் யூதமும் முட்டிக்கொள்ளாத இடம் மரக்கறிச் சாப்பாடு என்பதையும் அவ கண்டுபிடித்திருந்தா. ஆனால் மொட்டைமாடியில் கொட்டில் போடுவதை நவராத்திரிக் கணக்கில் சேர்க்க அவவுக்கும் வழி தெரியவில்லை.

கொட்டில் போட வந்தவ கொட்டாஞ்சேனை மாக்ரெட். மாதா கோயில் திருநாளுக்குத் தென்னோலைத் தோரணம் கட்டுகிறவ. பின்னிய தென்னோலைக் கிடுகுக் கட்டோடு ஓட்டோவில் வந்து இறங்கி, இடத்தைப் பார்த்ததும் அவவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"இது பாலன் குடில்தானே மகள்? ஒக்டோபரிலயே கட்டுறீங்க. சரி, நட்சத்திரத்தை எங்க தொங்க விடுறது?"

"நட்சத்திரம் கட்டத் தேவையில்லை அன்ரி. கூரைக்குள்ளால பார்த்தா மேல தெரியவேணும்."

மாக்ரெட் அண்ணாந்து பார்த்தா. மேலே கருமுகில். "கொழும்பில நட்சத்திரம் கரண்ட் இல்லாட்டித்தான் தெரியும்" என்றா. ஆனால் கிடுகை இடைவெளி விட்டே கட்டினா.

திங்கள் மத்தியானம் மயூரி பண்டிகைப் பாண் மாவைப் பிசைந்து அடுப்பில் வேகவைத்துவிட்டு மேலே போனபோது, கூடாரத்துக்கு மேல் நீலத் தறப்பாள் இழுத்துக் கட்டியிருந்தது. முன்னால் இருபது பிளாஸ்ரிக் கதிரை. ஒலிவாங்கி. தில்லைநாதன் மாலையைப் பிரித்துப் பூவுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, தறப்பாளை அவிழுங்கோ."

"மழை வருது பிள்ளை. வாற சனம் நனையிறதோ?"

"இதுக்கு மேல ஒண்டும் மூடக்கூடாது. வெட்டின இலை மட்டும்தான். வானம் தெரியவேணும், மழை ஒழுகவேணும். தறப்பாளுக்குக் கீழ இருந்து சாப்பிட்டா அது கூடாரமே இல்லை."

"ஒழுகவேணுமோ? ஒழுகிறதுக்கு ஆரும் கூரை போடுவினமோ?"

"அதுதான் சட்டம்."

"ஆற்ற சட்டம்?"

"எங்கட."

தில்லைநாதன் இருபத்தெட்டு வருடம் அரசாங்கத் திணைக்களத்தில் இருந்தவர். சட்டம் என்ற சொல்லுக்கு அடங்கிப் பழகியவர். ஆனால் அந்த 'எங்கட'வுக்குள் தான் இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. "என்னவும் செய்" என்று சொல்லிவிட்டு உரையைத் திருத்தக் கீழே போனார். மயூரி ஏணியில் ஏறிக் கயிற்றை அவிழ்த்தாள். மாக்ரெட் கீழே நின்று தறப்பாளை மடித்தா. "யேசு பிறக்கேக்கயும் ஒழுகினதுதான்" என்று ஆறுதல் சொன்னா.

ஆறு மணிக்குப் பதினொருபேர் வந்தார்கள். ஆறு பத்துக்கு டானியல் வந்தான்.

தில்லைநாதன் எதிர்பார்த்தது வெள்ளைச் சீருடை, தொப்பி, மார்பில் நாலு பதக்கம். ஓட்டோவிலிருந்து இறங்கியது பனியனும் அரைக் காற்சட்டையும் போட்ட, மூக்குத் தோல் வெயிலில் உரிந்த, கண் சிவந்த ஒரு மனிதன். கரையில் சீருடை போடக்கூடாதாம். தில்லைநாதன் மாலையைப் பனியனுக்கு மேல் போட்டார். எதிர்பார்த்த எடுப்பு வரவில்லை.

கூடாரத்துக்குள் மயூரி மெழுகுதிரி ஏற்றினாள். பாண் அடியில் கொஞ்சம் கருகியிருந்தது. பருப்பு சூப் ஆவி பறந்தது. டானியல் காற்சட்டைப் பையிலிருந்து சின்னத் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு ஆசீர்வாதம் சொல்லத் தொடங்கினான். கூடாரத்தின் மூன்று பக்கமும் பதினொரு முகங்கள் எட்டிப் பார்த்தன. ஒருவர் படம் எடுத்தார்.

ஆசீர்வாதம் முடிந்ததும் இரண்டாம் மாடி சிவகடாட்சம், ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர், தொண்டையைச் செருமினார்.

"தம்பிக்குக் கப்பல்ல என்ன பொறுப்பு? பீரங்கியோ, ரேடாரோ?"

தில்லைநாதன், "அது வெளியில கதைக்கேலாத..." என்று தொடங்க, நாலு நாளாக நித்திரை இல்லாத மயூரி சொன்னாள்:

"பல் டொக்டர்."

தில்லைநாதன் தண்ணீர்த் தாங்கியைப் பார்த்தார். கப்பலில் ஆயிரத்துச் சொச்சம் பேர், அவ்வளவு பேரின் கடைவாய்க்கும் பொறுப்பு இவர்தான், அதுவும் பொறுப்புத்தானே என்று அவர் சொல்ல வாயெடுப்பதற்குள், மூன்றாம் மாடி றலியா முன்னால் வந்துவிட்டா.

"அல்லாவே, நல்ல நேரத்துக்கு வந்தீங்க மகன். இந்தப் பக்கம் ஒரு பல்லு ஈக்கி, ரெண்டு மாசமா உசிர எடுக்குது."

அவ வாயைத் திறந்தா. டானியல் பாணைக் கீழே வைத்தான். அன்று காலை பத்தொன்பது வாய் பார்த்துவிட்டு வந்தவன். ஆனாலும் ஒருவர் வாயைத் திறந்தால் எட்டிப் பார்க்காமலிருக்க அவனுக்குத் தெரியாது. மாக்ரெட் டோர்ச் பிடித்தா.

அதற்குப் பிறகு வரிசை. சிவகடாட்சத்துக்கு வேர் சிகிச்சை தேவை. ஒரு அன்ரிக்கு ஈறு வீங்கியிருந்தது. இன்னொருவர் எட்டு வருடத்துக்கு முன் எடுத்த எக்ஸ்ரேயைக் கீழே போய் எடுத்துக்கொண்டு வந்தார். மயூரி ஒவ்வொருவருக்கும் மொழிபெயர்த்தாள். "கடுமையாக் கடிக்கவேண்டாமாம்." "குளிர்த்தண்ணி வேண்டாமாம்." இரண்டாவது கதிரையில் நோயாளர் மாறி மாறி இருந்தபடியால் அவள் நின்றாள். சூப் ஆறியது. ஏழரையானது. டானியல் எட்டுப் பத்துக்குப் புறப்பட வேண்டும். அவன் நடுவில் ஒருமுறை அவளைப் பார்த்துத் தோளை அசைத்தான். ஏழு வருடமாக விமான நிலையங்களில் அவள் பார்த்த அசைப்பு அது.

கடைசியாகத் தில்லைநாதன் வந்தார். எழுபத்திரண்டு வயதில் தனக்கு ஒரு பல்லும் விழவில்லை, இன்னும் கரும்பு கடிப்பேன் என்று சங்கக் கூட்டங்களில் சொல்லுகிறவர். சனமெல்லாம் சிற்றுண்டி றோல்ஸ் தட்டுப் பக்கம் திரும்பியிருப்பதைப் பார்த்துக்கொண்டு, உள்ளே நுழைந்து, கதிரையில் இருந்து, மருமகனின் காதுக்குள் ஆங்கிலத்தில் என்னவோ சொன்னார். டானியல் தலையாட்டினான். தில்லைநாதன் இன்னொருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, வாய்க்குள் விரலை விட்டு ஒரு இழுப்பு இழுத்தார்.

அப்போதுதான் மழை கொட்டியது. கிடுகு இடைவெளி ஒவ்வொன்றாலும் தண்ணீர் உள்ளே விழுந்தது. பதினொருபேரும் றோல்ஸ் தட்டோடு படிக்கட்டுக்கு ஓடினார்கள். ஒலிவாங்கியை ஆரோ தூக்கினார். தில்லைநாதன் உரைக் கடுதாசியால் வாயைப் பொத்திக்கொண்டு, சனத்தின் தள்ளுப்பாட்டில் இழுபட்டுக் கீழே போய்விட்டார்.

"தலைவர், வரவேற்புரை?" என்று படிக்கட்டில் சிவகடாட்சம் கேட்பது கேட்டது.

"மருமகனைக் கண்ட சந்தோசத்தில அவருக்குத் தொண்டை அடைச்சுப்போச்சு" என்றது பத்மாவதியின் குரல்.

மொட்டைமாடியில் இருவர் மட்டும். டானியல் இரண்டு கையையும் கூரை ஒழுக்கில் நீட்டிக் கழுவினான்.

"சூப்புக்குள்ளே மழை விழுந்தால் எழும்பி உள்ளே போகலாம். சட்டத்தில் இடமிருக்கு" என்று ஆங்கிலத்தில் சொன்னான்.

"தெரியும்."

"விழுந்துவிட்டது."

"தெரியும். இரு."

அவன் இருந்தான். மயூரி எதிர்க் கதிரையின் தண்ணீரை வழித்துவிட்டுத் தானும் இருந்தாள். அன்று அவள் முதல் தடவையாகக் கதிரையில் இருந்தாள். மெழுகுதிரி எப்போதோ அணைந்துவிட்டது. காலி வீதி வெளிச்சம் கிடுகுக்குள்ளால் கோடு கோடாக விழுந்தது. பாண் நனைந்து கருகல் தனியே உரிந்தது. சூப் குடிக்கக் குடிக்கக் கூடிக்கொண்டு வந்தது.

"அடுத்த வருடம்..." என்று அவன் தொடங்கினான்.

"சொல்லாதே. சாப்பிடு."

புறப்பட இன்னும் இருபது நிமிடம் இருந்தது. இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடிக்க வசதியாக மேசையில் இருந்தவற்றைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்தார்கள். பாண் தட்டு, உப்பு, மெழுகுதிரித் தண்டு. சாசர் ஒன்றில் தில்லைநாதனின் மேல்வரிசைப் பற்கள் இருந்தன.