அறுபது ஈரக் கிண்ணங்கள்

கோபிக்கு உளியை எந்தப் பக்கம் பிடிப்பதென்றே தெரியாது. ஆனால் அட்டையில் அச்சடித்திருந்தது அவன் படத்தைத்தான். என் லேத் முன்னால், என் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நான் கடைந்த கிண்ணத்தை ஏந்தியபடி இளித்துக்கொண்டு நிற்கிறான். கீழே 'எங்கள் கலைஞர்' என்று வேறு போட்டிருந்தார்கள். எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

குமணன்சாவடியில் ஜெயராமன் பட்டறையில் ஒன்பது வருஷமாக மரக்கிண்ணம் கடைகிறவள் நான், வசந்தகுமாரி. கோபி முதலாளிக்கு மச்சினன். ஓர் ஓட்டலிலிருந்து அறுபது மாமரக் கிண்ணத்துக்கு ஆர்டர் வந்திருந்தது. ஒவ்வொன்றோடும் அந்த அட்டை போகப்போகிறது. என் பெயரையும் ஒரு வரி போடச் சொல்லி முதலாளியிடம் கேட்டேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"அவன் நம்ம ஊட்டுப் புள்ள. நீ இன்னிக்கி கீறே, நாளைக்கி எங்க கீறியோ. போய் வேலையப் பாரு."

சரி, பார்க்கிறேன் என்று கறுவிக்கொண்டேன்.

மாங்கட்டை ஈரமாக இருக்கும்போது வெண்ணெய் மாதிரி கடைய வரும். அதற்காக அப்போதே மெல்லிசாகக் கடைந்துவிடக் கூடாது. தடிமனாகக் கடைந்து, ஐந்தாறு மாதம் நிழலில் காயப்போட்டு, அது கோணுகிற மட்டும் கோணிய பிறகுதான் திரும்ப லேத்தில் ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் பத்தே நாளில் வாய் பிளக்கும். இது கோபிக்குத் தெரியாது. முதலாளி உளியைத் தொட்டே பல வருஷமாகிறது.

காய்ந்த கிண்ணங்கள் பரணில் இருந்தன. நான் அவற்றைத் தொடவில்லை. முந்தின வாரம் அறுத்து வந்த கட்டையை எடுத்தேன். அவ்வளவு ஆசையாக நான் எதையும் கடைந்ததில்லை. ஈரச் சீவல் முகத்தில் தெறிக்கத் தெறிக்க, கோபியின் மூஞ்சியை நினைத்துக்கொண்டேன். நாலு பேர் சாப்பிடுகிற இடத்தில் உன் மானம் கப்பலேறட்டும்டா என்றேன். உப்புத்தாள் ஈரத்தில் அடைத்துக்கொண்டது. ஒரு பகல் முழுக்க ஃபேன் காற்றில் வைத்துத் தேய்த்து, தேன்மெழுகு போட்டேன். கோபி ஒன்றைத் தூக்கிப் பார்த்து, நல்ல கனமான மரம் என்று பாராட்டினான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கிண்ணங்கள் ஓட்டலுக்குப் போன பன்னிரண்டாம் நாள், அதன் மேனேஜர் சிம்ரன் பெட்டியோடு வந்து இறங்கினாள். இருபத்துமூன்று கிண்ணங்கள் விளிம்பிலிருந்து அடிவரை பிளந்திருந்தன. ஒன்றிலிருந்து சூப் ஒழுகி யாரோ பெரிய மனிதர் மடியில் கொட்டியிருக்கிறது. கோபி பட்டறையின் பின்பக்கம் நழுவினான். உள்ளுக்குள் எனக்குக் கொண்டாட்டம். இந்தக் கலைஞர் எங்கே என்று அட்டையைத் தட்டிக் கேட்டாள் சிம்ரன்.

முதலாளி ஜெயராமன் என்னைக் கைகாட்டி முன்னால் கூப்பிட்டார். ஒன்பது வருஷத்தில் எந்த வாடிக்கையாளர் முன்னாலும் அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"மேடம், அட்டைல கீறவன் சும்மா போட்டோவுக்கு. அறுபதும் கடைஞ்சது இவதான். வசந்தகுமாரி. இங்க எல்லாமே இவ கை வேலதான்."

முழுப் பெயரையும் சொன்னார். சிம்ரன் எழுத்துக்கூட்டிக் கேட்டு அதைப் போனில் குறித்துக்கொண்டாள். நீங்களா செய்தது என்று என்னிடம் கேட்டாள்.

ஈரம் என்று தெரிந்தே கடைந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. நான் இல்லை என்று சொல்ல மனசு ஒப்பவில்லை. பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துப் பார்த்தேன். அந்தப் பிளவைத் தவிர அதில் ஒரு குறை சொல்ல முடியாது.

"நான் கடைஞ்சதுதான்," என்றேன்.