பூவனலிங்கம் எரிகட்டி

ஆறுமுகத்தாய் மொட்டைமாடியில் குத்தவைத்து, வெயிலில் காய்ந்து கிடந்த எரிகட்டிகளில் ஒன்றை எடுத்து விரல் முட்டியால் தட்டினாள். ‘டொக்’ என்றது. தேங்காய் வாங்குகிறவள் மாதிரி காதோரம் வைத்து இன்னொரு தட்டு. மறுபடியும் ‘டொக்’. போன மாதம் கஞ்சி ஊற்றிப் பிசைந்தவை எல்லாம் தொட்டதும் பொலபொலவென்று உதிர்ந்துபோயிருந்தன. இந்தத் தடவை, தீப்பெட்டிக்கூடு ஒட்டி முடித்த பிறகு சட்டியில் மிஞ்சும் மைதாப் பசையைத் தினமும் வழித்துச் சேர்த்துக் காகிதக் கூழில் போட்டுப் பிசைந்திருந்தாள்.

“ஏ சந்தனமாரி, இங்கன வந்து தட்டிப் பாரு!”

பக்கத்து மாடியில் ஒட்டிய கூடுகளைக் காயப் பரப்பிக்கொண்டிருந்த சந்தனமாரி நிமிர்ந்தாள். “எரியுமா எரியாதாக்கா? அதைச் சொல்லுங்க. தட்டித் தட்டி அதுக்கு மண்டை வீங்கிரப் போவுது.”

“நாளைக்கு வந்து பாரு. பதினாறும் கருங்கல்லு கெணக்கா இருக்கு.”

அடுப்பெரிக்கக் காகிதக் கட்டி செய்வது பற்றி மகளிர் குழுவில் யாரோ வாசித்துக் காட்டிய நாலு வரிதான் தொடக்கம். பழைய தாளை ஊறவை, இடி, குழாயில் அமுக்கு, காயவை. மண்ணெண்ணெய் வரிசையில் நின்று நின்று கால் கடுத்தவளுக்கு அந்த நாலு வரியும் அமுதமாக இருந்தன. கோவில்பட்டியில் குழாய்த் தண்ணீர் பத்து நாளைக்கு ஒருதரம். அதனால் துணி அலசிய தண்ணீரிலேயே ஊறப்போட்டாள். தாளுக்குப் பஞ்சமே இல்லை. அவள் புருஷன் பூவனலிங்கம் ‘கரிசல் மண்டல அறிவியல் விழிப்புணர்வுப் பேரவை’யின் நிறுவனத் தலைவர். பேரவையில் அவரைத் தவிர மூன்று பேர்; அதில் ஒருவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். கூட்டத்துக்குக் கூட்டம் ஐந்நூறு நோட்டீஸ் அடிப்பார். வருகிறவர்கள் எட்டுப் பேர். மிச்ச நோட்டீஸ் எல்லாம் பின்னறையில் உத்தரம் வரை ஏறி நின்றது. தொட்டியில் போட்டால், மாலையோடு சிரிக்கும் அவர் படத்தில் முதலில் கரைவது மீசைதான்.

ஒரு மாதமாக அவர் அந்தப் பக்கம் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தார். மகளிர் திட்ட அதிகாரியம்மா நேரில் பார்க்க வருகிறார் என்று தெரிந்த அன்றைக்குச் சாயங்காலமே தெருமுனையில் பேனர் ஏறிவிட்டது. ‘பூவனலிங்கம் எரிகட்டி அறிமுக விழா. கண்டுபிடிப்பாளர்: அறிவியல் செம்மல் பூவனலிங்கம்.’ செம்மல் பட்டத்தை வழங்கியது பேரவை. தீர்மானத்தை முன்மொழிந்தவரும் அவரே.

“ஏங்க, செஞ்சது நான்லா?”

“கை ஒன்னுது. சிந்தனை யாருது? அந்தத் தாளு பூராவும் என் சிந்தனைதானட்டி! அது இல்லாட்டி நீ எதை ஊறப் போட்டிருப்ப?”

அவளுக்கு மனசு ஆறவில்லை. அந்தக் கட்டியில் ஒரு டீ கொதித்துவிட்டால், செய்தவரை ஜீப்பில் ஏற்றிப் பசுவந்தனை, நாகலாபுரம் என்று ஊர் ஊராகப் பெண்களுக்குப் பழக்கிக் கொடுக்கக் கூட்டிப்போவதாக அதிகாரியம்மா சொல்லி அனுப்பியிருந்தார். ஜீப்பில் முன்சீட்டா பின்சீட்டா என்பது வரைக்கும் ஆறுமுகத்தாய் யோசித்து வைத்திருந்தாள்.

மறுநாள் காலை தெருவே பந்தலுக்குள் வந்துவிட்டது. பூவனலிங்கம் சரிகைத் துண்டோடு மைக்கைப் பிடித்தார். ஆதிமனிதன் கல்லை உரசிய இடத்தில் ஆரம்பித்து, முக்கால் மணி நேரத்தில் தன் பள்ளிப் பருவத்துக்கு வந்து சேர்ந்தார். பிறகு அடுப்பில் கட்டியை வைத்துத் தீக்குச்சி கிழித்தார். அணைந்தது. ஏழு குச்சி கிழித்தும் கட்டி அசையவில்லை.

“நாம ஒட்டின பெட்டியப் பூரா காலி பண்ணிருவாவ போலுக்கே,” என்றாள் சந்தனமாரி.

ஆறுமுகத்தாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள். கட்டியின் நடு ஓட்டையில் நோட்டீஸ் ஒன்றைத் திரித்துச் செருகி, அடியில் பற்றவைத்தாள். புகைந்தது. குபுக்கென்று பிடித்தது. பச்சையாக.

இலைப் பச்சை. நாக்கு நாக்காக எழும்பியது. முன்வரிசையில் இருந்த கொம்பையா நாற்காலியோடு பின்னால் போனார். “எய்யா, முனி கெணக்காலா நிக்கி!”

ஆறுமுகத்தாய்க்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. துத்தம்! பசையைக் கரப்பானும் எலியும் தின்னாமலிருக்க நீலத் துத்தம் கலப்பார்கள். பசை துடைத்த கந்தலைக் கொளுத்தும்போதும் இதே பச்சை எட்டிப் பார்க்கும். சொல்லிவிட வாயைத் திறந்தவள், புருஷன் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள்.

“இது... ஒரு வகையான தாவர வாயு,” என்றார் அவர், மைக்கில்.

அவள் ஏற்றி மூடிபோட்ட சட்டியில், புகை உள்ளே புகாமல், டீ தளதளவென்று கொதித்தது. அதிகாரியம்மா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு சொன்னார்: “அருமை. கண்டுபிடிச்சவரே முதல் கிளாஸைக் குடிக்கட்டும்.”

கிளாஸ் நீட்டப்பட்டது. பூவனலிங்கம் டீயைப் பார்த்தார். நெருப்பைப் பார்த்தார். மறுபடியும் டீயைப் பார்த்தார். மைக் அவர் மூச்சைத் தெரு முழுக்கக் கொண்டுபோனது.

“ஒரு உண்மையைச் சொல்லணும்,” என்றார். “ஊறப் போட்டது, இடிச்சது, அமுக்கினது எல்லாமே என் வீட்டுக்காரிதான். நான் தாளு குடுத்ததோட சரி.”

அவர் வாழ்நாளில் பேசிய மிகச் சுருக்கமான உரை அதுதான்.

“அப்பிடிப் போடுங்க செம்மலு!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஆறுமுகத்தாய் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கிளாஸை வாங்கினாள். பந்தல் மொத்தமும் அவள் தொண்டையையே பார்த்தது. ஒரு மிடறு. இன்னொன்று. ஊதி ஊதி, ருசித்து, கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

“உங்க பேரென்னம்மா?” அதிகாரியம்மா பேனாவைத் திறந்தார்.

“ஆறுமுகத்தாய்.” மைக் இல்லாமலே அது தெருக்கோடி வரை கேட்டது. வாசலில் நின்ற ஜீப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு, காலிக் கிளாஸைப் புருஷனிடம் நீட்டினாள்.

“இன்னும் ஒரு கிளாஸ் ஊத்துங்க. சீனி கொஞ்சம் காணாது.”

பூவனலிங்கம் தோள்துண்டால் சட்டியைப் பிடித்துக் குனிந்தார். வேர்த்த முகத்தின் மீது, மீசை நுனி வரைக்கும், பச்சை வெளிச்சம் ஆடிக்கொண்டிருந்தது.