ஒன்றரை மீட்டர்

கடலூர் துறைமுகத்தை ஒட்டிய எங்கள் பட்டறையில் உப்புக்காற்று இரண்டு லேப்டாப்புகளைத் தின்றுவிட்டது. மூன்றாவதை முதலாளி பொன்னுரங்கம் கண்ணாடி அறைக்குள் வைத்தார். வேலை மேசை வெளியே இருந்தது. தடுப்பில் ஓட்டை போட்டு, சிப்பில் புரோகிராம் ஏற்றும் கேபிளை ஒன்றரை மீட்டருக்கு நீட்டினேன். ஆறு வயரையும் நெருக்கி, சாணுக்கு ஒரு பிளாஸ்டிக் டேக் போட்டுக் கட்டினேன். மல்டிமீட்டர் வைத்தால் ஒவ்வொன்றும் பீப் என்றது. அதற்குமேல் நான் யோசிக்கவில்லை.

படகுக்குள் தண்ணீர் ஏறினால் பம்பை ஓடவைக்கும் சர்க்யூட் போர்டுகளுக்குத்தான் அந்தக் கேபிள். சிதம்பரம் அண்ணாமலை நகரில், வீட்டு மாடியில் உட்கார்ந்து அவற்றை சால்டர் செய்து அனுப்புபவன் ராஜவேல். பாலிடெக்னிக்கில் என்னோடு படித்தவன். கேபிளை நீட்டிய பிறகு வந்த நாற்பதில் பதினொன்று புரோகிராமை ஏற்கவில்லை. சில பாதியில் நின்றன. சில ஏற்றி முடித்துச் சரிபார்க்கும்போது பிழை காட்டின. பதிவேட்டில் பதினொரு முறை ‘சால்டரிங் சரியில்லை’ என்று எழுதினேன்.

"திங்கக்கெழமையிலேருந்து சால்டருக்கு வேற ஆளு," என்றார் பொன்னுரங்கம். "பதினொன்னையும் ராஜவேலுகிட்டயே குடுத்துட்டு வந்துடு."

சனிக்கிழமை காலை பஸ்ஸில் போனேன். போர்டுகள் எப்படித் தோற்கின்றன என்று காட்டுவதற்காக என் கேபிளையும், பென்டிரைவில் புரோகிராமையும் எடுத்துப் போனேன்.

"வா மச்சான். பொணத்தையெல்லாம் எடுத்தாந்துட்டியா?" என்றான் ராஜவேல். முதல் போர்டை லென்சுக்கு அடியில் வைத்தான். ஒவ்வொரு சால்டர் புள்ளியாகப் பார்த்தான்.

"அவரு லென்ச எடுத்தா சோறு ஆறிடும்ணா, நீங்க டீ குடிங்க," என்றாள் அவன் மனைவி மகேஸ்வரி.

அவன் தன் லேப்டாப்பிலிருந்து ஒரு சாண் நீளமுள்ள தன் கேபிளை மாட்டினான். புரோகிராம் ஏறியது. இரண்டாவதிலும் ஏறியது. ஏழாவதிலும் ஏறியதும் நிறுத்திவிட்டு, அதே போர்டில் என் கேபிளை மாட்டினான். பிழை.

"இன்னாடா இது? துணி காயப்போடற கொடியா?"

"மல்டிமீட்டர்ல பாத்தேன்டா."

"வயரு அறுந்திருக்கான்னு அது சொல்லும். உள்ள போறது ஒழுங்கா போய்ச் சேந்துதான்னு சொல்லுமா?"

நீண்ட கம்பியில் போகும் துடிப்பு முனையில் மோதித் திரும்பும். பக்கத்து வயரிலும் தொற்றும். ஒரு துடிப்பைச் சிப் இரண்டாக எண்ணிவிடும். இருபத்தொன்பது போர்டுகள் தாங்கிக்கொண்டன, பதினொன்று தாங்கவில்லை. இதை நான் படித்திருந்தேன். பரீட்சையில் எழுதியும் இருந்தேன்.

ராஜவேல் என் கேபிளைக் கழற்றி மேசையில் வைத்தான். மகேஸ்வரிதான் கேட்டாள்: "அப்ப திங்கக்கெழமையிலேருந்து வேற ஆளுன்னு சொன்னாங்களே, அது?"

பொன்னுரங்கத்துக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, போர்டுல ஒன்னும் இல்ல. நான் பண்ண கேபிள்தான்."

மறுமுனையில் பதிவேட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "பதினொரு தடவ எழுதுனியே. ஒரு தடவகூடவா தோணல?"

"தோணலண்ணே."

"போன அவங்கிட்ட குடு."

ராஜவேல் சன்னலருகே போய் நின்று கேட்டான். ‘ம்’ என்றான், ‘சரிங்க’ என்றான். போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தான்.

"அடுத்த லாட்டு போர்டும் எனக்குத்தானாம். டெஸ்ட் பண்றது மட்டும் நீ இல்லியாம், மச்சான்."

அவன் சிரிக்கவில்லை. இன்னும் நான்கு போர்டுகள் சோதிக்க மீதி இருந்தன. தன் நாற்காலியைச் சற்று நகர்த்தி எனக்கு இடம் விட்டான்.